நீச்சல் குளத்துக் கறை

வெள்ளையாக இருந்த கறை காப்பி நிறத்துக்கு மாறியிருந்தது.

முழங்கால் தண்ணீரில் நின்றபடி சிவனாண்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து இரண்டு கிலோ புளி, ஒரு சட்டி செங்கல் பொடி, ஆறு தேங்காய் நார்க் கத்தை, இரண்டு ஆட்களின் தோள்பட்டை எல்லாம் செலவாகியிருந்தன. கறை ஒரு நூல்கூடத் தேயவில்லை. புளிச் சாற்றை வயிறு நிறையக் குடித்துவிட்டு நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டது.

“குத்துவிளக்கு இதுல தங்கம் மாதிரி வரும் தம்பி,” என்றாள் இசக்கியம்மாள். மில்லில் கூட்டிப் பெருக்குகிறவள். புளி அவளுடைய யோசனை.

“இது குத்துவிளக்கு இல்லக்கா.”

“எனக்குத் தெரியுது. புளிக்குத் தெரியலையே.”

குளத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இராஜபாளையத்தில் நூல் மில் நடத்திய சோலைராஜ் முதலாளி, சிங்கப்பூர் போய்வந்த வருஷம் விருந்தினர் விடுதிக்குப் பின்னால் கட்டிய குளம் அது. நாலு சுவரிலும் நீல டைல்ஸ். முதல் வாரம் முதலாளி இரண்டு தடவை இறங்கினார். மூன்றாம் தடவை சளி பிடித்தது. அதன் பிறகு அதில் நீச்சல் அடித்தவை தவளைகள் மட்டும். ஆனாலும் குளம் என்று ஒன்று இருந்தால் அது நிறைந்திருக்க வேண்டும் என்பது மில்லின் கௌரவம். வெயில் குடிக்கக் குடிக்க, போர்க் குழாயிலிருந்து தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. தண்ணீர் ஆவியாகப் போக, உப்பு மட்டும் சுவரில் தங்கியது. மூன்று வருஷத்தில் சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குச் சுண்ணாம்புப் பாறை மாதிரிக் கறை கட்டிவிட்டது.

இந்த மூன்று வருஷமும் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. புதன்கிழமை மெட்ராஸிலிருந்து முதலாளியின் டிரங்க் கால் வந்தது. நிர்வாக அதிகாரி பொன்னுராஜ், வழக்கம்போல் எழுந்து நின்று, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ரிசீவரைக் காதில் வைத்தார்.

“ஞாயித்துக்கிழமை காலையில ஒரு ஆபீசரக் கூட்டிட்டு வாரேன். நம்ம நீச்சல் குளத்தப் பாக்கணும்ங்காரு. நீ கூட இருந்து காட்டணும்.”

அவ்வளவுதான். அதற்குள் லைன் கரகரத்து அறுந்தது.

பொன்னுராஜுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அதிகாரி வருகிறார் என்றால் பாதையின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரில் கோடு போட வேண்டும், மரத்துக்குக் காவி அடிக்க வேண்டும், எது எங்கே எந்த நிறத்தில் இருக்கிறதோ அந்த நிறத்தில் இருக்க விடக்கூடாது. போன வருஷம் தீயணைப்பு இலாகாவிலிருந்து ஒருவர் வந்தபோது, மணல் வாளிகளுக்குச் சிவப்பு அடித்ததோடு நிற்காமல் மணலையும் மூன்று தண்ணீரில் அலசிக் காயவைத்து நிரப்பிய மனிதர் அவர்.

“ஆபீசர் குளிக்கப்போறாருலே,” என்றார் சிவனாண்டியைக் கூப்பிட்டு. “அந்த லெவல்ல உள்ளவங்க காலையில நீச்சல் அடிக்காமக் காப்பியே தொடமாட்டாங்க. எனக்குத் தெரியும்.”

எப்படித் தெரியும் என்று கேட்கிற வழக்கம் மில்லில் இல்லை.

“ஞாயித்துக்கிழமை ஒம்போது மணிக்கு அந்தக் கறை இருக்கப்படாது. போயிருச்சுன்னா, முதலாளிகிட்டச் சொல்லி உன்னைய போர்மேனா நிரந்தரம் பண்ணுறது என் பொறுப்பு. இருந்துச்சுன்னா மறுபடி பஞ்சு கொடவுன்ல மூட்டை தூக்கு.”

சிவனாண்டி பதினோரு வருஷமாகத் தற்காலிக போர்மேன். குழாய், பம்ப், கொதிகலன் எல்லாம் அவன் கையில்தான். ஆனால் நிரந்தர ஆர்டர் கையில் இல்லை. இதுவரை அது அவனை உறுத்தவில்லை. இப்போது உறுத்தியதற்குக் காரணம், மூத்த மகளுக்குத் தளவாய்புரத்தில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். பேச்சு வாக்கில் “பொண்ணுக்கு அப்பா மில்லுல போர்மேன்” என்று சொல்லியாகிவிட்டது. திங்கள்கிழமை கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிறது. பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் உத்தியோகம் போடாத பத்திரிகையை அந்தப் பக்கத்துச் சம்பந்தகாரர்கள் பத்திரிகையாகவே மதிப்பதில்லை.

“தற்காலிகம்னு அச்சடிக்க முடியுமா?” என்று அவன் மனைவி முத்துப்பேச்சி இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். “கல்யாணமும் தற்காலிகமான்னு அவிய கேப்பாக.”

இன்று வியாழன். புளி போயிற்று.

*

சாயங்காலம் பொன்னுராஜ் வந்து பார்த்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். எப்படிப் பார்த்தாலும் காப்பி நிறம்தான்.

“யாரு புளி போடச் சொன்னது?”

“நீங்கதான சார், செலவில்லாம முடின்னீக.”

“செலவில்லாமன்னா மூளை இல்லாமன்னு அர்த்தமா? ஆசிட் வாங்குலே.”

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சிவனாண்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினான். இராஜபாளையத்துக் கடைகளில் ஆசிட் வாங்கினால் ஊர் பேசும், மில்லின் மானம் போகும் என்பது பொன்னுராஜின் கருத்து. இரும்புக் கடைக்காரர் இரண்டு கேன்களை எடுத்து வைத்துவிட்டு, “ஒரு மக்குக்குப் பத்து மக்குத் தண்ணி. மறந்துராதீய, இது பொல்லாதது,” என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டர் குனிந்து மோந்தார்.

“என்ன அண்ணாச்சி கேன்ல?”

“மில்லு மருந்து.”

“யாருக்கு?”

“சுவருக்கு.”

கண்டக்டர் அவனைச் செத்த நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, கடைசி இருக்கைக்குப் போகச் சொன்னார். கேன் மூடி லேசாகக் கசிந்தது. பக்கத்தில் இருந்தவர் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு எழுந்து நின்றார். இராஜபாளையம் வரும்வரை சிவனாண்டி மூடியை விரலால் அழுத்திப் பிடித்தபடியே வந்தான். இறங்கும்போது ஆள்காட்டி விரல் வெந்திருந்தது.

“பத்துக்கு ஒண்ணா?” என்று சிரித்தார் பொன்னுராஜ். “அதெல்லாம் கக்கூஸ் கழுவுறவங்களுக்குச் சொல்லுற கணக்கு. இது மூணு வருசத்துக் கறைலே. அப்படியே ஊத்து.”

“சார், கடைக்காரரு பொல்லாததுன்னாரு.”

“கடைக்காரன் நிர்வாக அதிகாரியா, நான் நிர்வாக அதிகாரியா?”

சிவனாண்டி மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஊற்றினான். சுவர் சீறியது. புகை கிளம்பியது. பொன்னுராஜ் கரையில் நின்று கையை ஆட்டி உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தவர், புகை தன் பக்கம் திரும்பியதும் அதிகாரிக்குரிய நடையை மறந்து ஓடினார். இசக்கியம்மாள் இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வடிய, “குளத்துக்குப் பதிலா எங்களக் கழுவிட்டீகளே,” என்று சொல்லிவிட்டு அரை நாள் லீவு போட்டுப் போனாள்.

புகை அடங்கியதும் பொன்னுராஜ் திரும்பி வந்தார். காப்பி நிறம் போய்விட்டது. அதற்குள் இருந்த வெள்ளைக் கறை, பலாப்பழத் தோல் மாதிரி முள்முள்ளாக எழுந்து நின்றது. ஆசிட்டு அதைத் தின்ன முடியாத கோபத்தில் டைல்ஸுக்கு நடுவில் இருந்த வெள்ளை சிமெண்டைத் தின்றிருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு டைல்ஸ் நழுவித் தண்ணீரில் விழுந்தது. பின்னாலேயே இன்னும் மூன்று.

பொன்னுராஜ் அவற்றை எண்ணிப் பார்த்தார்.

“ஒட்டினவன் சரியா ஒட்டல,” என்றார். “நாளைக்குள்ள முடிச்சிரு.”

*

சனிக்கிழமை காலையில் விரல் கொப்புளித்துவிட்டது. மில் மருந்தகத்தில் கம்பவுண்டர் மருந்தில் நனைத்த துணியை விரலில் சுற்றினார்.

“துணி எதுக்குய்யா? மருந்தத் தடவி விட்டாப் போதாதா?”

“தடவுனா ஓடிப்போயிரும்லா. துணி இருந்தா மருந்தப் புடிச்சு வச்சுக்கிடும். செத்த நேரம் நின்னாத்தான் மருந்து வேலை செய்யும்.”

சிவனாண்டி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். செங்குத்தான சுவரில் ஊற்றிய ஆசிட்டு நிற்காமல் ஓடியது, அதுதான் விஷயம். கறைமேல் மருந்தைப் பிடித்து நிறுத்த ஒரு துணி வேண்டும்.

“ஆசிட்டு வேண்டாம்,” என்றார் கம்பவுண்டர், கதையைக் கேட்டுவிட்டு. “ஊறுகாய்க்கு ஊத்துற வினிகர் போதும். ஆனா துணியில நனைச்சு நாலு மணி நேரம் அப்படியே ஒட்டி வைக்கணும்.”

வினிகர் மில் கேண்டீனில் இருந்தது. துணிக்குப் பஞ்சமே இல்லை. நூல் மில்லோடு சேர்ந்து முதலாளிக்கு ஒரு பேண்டேஜ் துணிப் பிரிவும் இருந்தது. ஆஸ்பத்திரிகளுக்கு லாரி லாரியாகப் போகிற துணி. பொன்னுராஜ் யோசனையைக் கேட்டதும் அரை நிமிஷம் கண்ணை மூடினார். திறந்தபோது அது அவருடைய யோசனையாகிவிட்டிருந்தது.

“நான் நேத்தே நெனச்சேன். ஆனா நல்ல துணியத் தொடாத. கழிச்ச சரக்கு கொடவுன்ல கெடக்கும், அத எடு.”

சனிக்கிழமை பேண்டேஜ் பிரிவுக்கு வார விடுமுறை. கொடவுனில் கேட்பதற்கு ஆள் இல்லை. மூலையில் இரண்டு சாக்கு நிறையச் சுருள் சுருளாகத் துணி கிடந்தது. ஒவ்வொன்றையும் தாளில் சுற்றியிருந்தார்கள். பிரித்தபோது விரலில் வெள்ளையாகத் தூள் ஒட்டியது.

“சார், என்னமோ மாவு மாதிரி இருக்கு.”

“அந்துப்பூச்சிக்கு மருந்து போட்டிருப்பாங்க. நீ நனை.”

வினிகரும் தண்ணீரும் கலந்த வாளியில் முக்கி, கறைமேல் ஒட்டினான். ஒட்டினது என்றால் சாதாரணமாக ஒட்டவில்லை. கை எடுத்த பிறகும் அசையாமல், சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. ஒன்றரை மணி நேரத்தில் நாலு சுவரிலும் சுற்றி முடித்துவிட்டான். பொன்னுராஜ் மூன்று நாளில் முதல் தடவையாக மனம் குளிர்ந்து சிரித்தார்.

“பாத்தியா, என்னமாப் புடிக்கிது.”

சிவனாண்டி துணியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

“சார், சுவரு சுடுது.”

“வேலை செய்யுதுலே.”

அப்போது இசக்கியம்மாள் இருமல் தெளிந்து வந்து சேர்ந்தாள். குளத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். குனிந்து விரல் முட்டியால் தட்டினாள். டொக்கென்றது.

“குளத்துக்கு எப்பக் கால் ஒடிஞ்சது?” என்று கேட்டாள்.

“என்னக்கா சொல்லுத?”

“இது மாவுக்கட்டுத் துணில்லா. கையி காலு ஒடிஞ்சவனுக்குச் சுத்துவாகளே, அது. நான் ரெண்டு வருசம் அந்த செக்சன்ல கூட்டித் தூத்திருக்கேன். தண்ணி பட்டாப் பத்து நிமிசத்துல கல்லு. ஆறு வாரம் கழிச்சு ரம்பம் வச்சு அறுப்பாக.”

ஒரு சாண் அகலமாக இருந்த கறை இப்போது முழ அகலத்துக்கு, நாலு சுவரையும் வளைத்து, வெள்ளை வெளேரென்று இறுகி நின்றது. கறையை எடுக்கச் சொன்ன இடத்தில் கறைக்கு மேல் கோட்டை கட்டியாகிவிட்டது.

“ஆறு வாரமா?” என்றார் பொன்னுராஜ். குரல் சட்டைப் பைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. “நாளைக்கு ஒம்போது மணிக்கு வாராங்க.”

அவர் அலுவலகத்துக்குப் போனார். கால் மணியில் டைப் அடித்த தாளோடு திரும்பினார். ‘நீச்சல் குளத்தில் நடந்த அனைத்துப் பணிகளும் சிவனாண்டி என்பவரின் சொந்த யோசனைப்படி, நிர்வாகத்தின் அனுமதியின்றி நடைபெற்றவை. விளைவுகளுக்கு அவரே முழுப் பொறுப்பு.’

“கையெழுத்துப் போடு.”

“சார், நீங்கதான...”

“போடுலே. போடலைன்னா ஞாயித்துக்கிழமை வரைக்கும்கூட நீ போர்மேன் கெடையாது.”

துணி சுற்றிய விரலோடு சிவனாண்டி கையெழுத்துப் போட்டான். அச்சுக்கூடத்தில் திங்கள்கிழமை அவன் பெயருக்குக் கீழே வரப்போகிற அடைப்புக்குறி கண்ணுக்கு முன்னால் வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பொன்னுராஜ் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போனார்.

சிவனாண்டி சுத்தியலை எடுத்தான். யோசனை எதுவும் இல்லை. யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது; எதிரில் சுவர்தான் இருந்தது.

முதல் அடியில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது அடியில் ஒரு விரிசல். மூன்றாவதில், கை நீளத்துக்கு ஒரு பாளம் அப்படியே பெயர்ந்து அவன் காலடியில் விழுந்தது. இசக்கியம்மாள் அதைப் புரட்டிப் பார்த்தாள். முதுகுப் பக்கத்தில், ஆசிட்டில் இளகியிருந்த கறை மொத்தமும் மாவுக்கட்டில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

சிவனாண்டி சுவரைப் பார்த்தான். டைல்ஸ் நீலமாக இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கொத்தனார் வைத்துவிட்டுப் போனபோது இருந்த நீலம்.

“ஏலே தம்பி,” என்றாள் இசக்கியம்மாள் மெதுவாக.

“பேசாதக்கா. கண்ணு படும். இன்னொரு சுத்தியல எடு.”

மூன்று மணிக்குத் தொடங்கியது ஆறு மணிக்கு முடிந்தது. பெயர்ந்த பாளங்களை உடைத்துச் சாக்கில் அள்ளினார்கள். செங்கல் லாரிக்காரன் ஒருவன் பள்ளம் நிரப்ப வேண்டுமென்று அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போனான். விழுந்த நாலு டைல்ஸையும் வெள்ளை சிமெண்ட் வைத்து ஒட்டி, விட்டுப்போன இணைப்பெல்லாம் பூசி, கடைசியாகத் துணியால் துடைத்தபோது சுவரில் சிவனாண்டியின் முகம் தெரிந்தது. பதினோரு வருஷத்தில் அவ்வளவு நல்ல முகமாக அது இருந்ததில்லை.

இருட்டுவதற்கு முன்னால் பொன்னுராஜ் ஸ்கூட்டரில் வந்தார். சுவரைப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, எட்டாகக் கிழித்து, எட்டையும் பதினாறாகக் கிழித்து, காற்றில் விட்டார்.

“சிவனாண்டி,” என்றார் அன்பாக. “வேலை எவன் வேணும்னாலும் செய்வான். வாங்குறதுதான் திறமை.”

*

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்குக் குளம் நிரம்பியிருந்தது. கரையில் நாற்காலி, நாற்காலிமேல் புதுத் துவாலை, பிரிக்காத சோப்பு. பொன்னுராஜ் வெளிர் நீலத்தில் சஃபாரி சூட் தைத்துப் போட்டிருந்தார், டைல்ஸுக்குப் பொருத்தமாக.

“நீ பின்னால நில்லு. கேட்டாப் பேசு. கேக்க மாட்டாங்க.”

“சார், என் விசயம்...”

“எல்லாம் பொறவு.”

ஒன்பதுக்கு முதலாளியின் கார் வந்தது. பின்னால் ஒரு ஜீப். அதிகாரி ஒல்லியாக, கையில் குடையோடு இறங்கினார். நீச்சல் அடிக்கிற ஆள்போல் தெரியவில்லை. தலைக்குக் குளித்தாலே தும்முவார்போல் இருந்தது. ஜீப்பிலிருந்து ஒரு பியூன் தோல்பையும் கண்ணாடிப் பாட்டிலுமாக இறங்கினார்.

குளத்தின் கரைக்கு வந்ததும் முதலாளி நின்றுவிட்டார்.

நாலு சுவரையும் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆனந்தத்தில் பேச்சு வராத மனிதர்களைப் பொன்னுராஜ் முன்பே பார்த்திருக்கிறார். அவர் முன்னால் வந்து நின்றார்.

“மூணு நாள் முதலாளி. வீட்டுக்குப் போகல. கண்ணு மூடல.”

“இங்க இருந்த கறை?” என்றார் முதலாளி. குரல் ரொம்பத் தாழ்வாக இருந்தது.

“எடுத்தாச்சு முதலாளி.”

இப்போது பேசாவிட்டால் இனி எப்போதும் பேச முடியாது. சிவனாண்டி ஓரடி முன்னால் வந்தான்.

“முதலாளி, நானும்...”

“இவன் வாளி தூக்கினான் முதலாளி, அம்புட்டுத்தான்,” என்று பொன்னுராஜ் கையால் அவனைப் பின்னுக்குத் தள்ளினார். “யோசனை, மருந்து, வேலை எல்லாம் நான் ஒருத்தன்தான். ஒரு பொட்டு விடல. வேணும்னாத் தேடிப் பாருங்க.”

“நீதான் எடுத்தியா?”

“நான்தான் முதலாளி.”

“வேற யாரும் சொல்லிச் செய்யல?”

“எனக்கு யாரு சொல்லணும்? முழுப் பொறுப்பும் என்னுது.”

முதலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவனாண்டி தலையைத் தொங்கப் போட்டான். பதினோரு வருஷத் தற்காலிகம் இனிப் பன்னிரண்டாகும். முத்துப்பேச்சிக்கு என்ன சொல்வது, தளவாய்புரத்துக்கு என்ன சொல்வது என்று தரையில் இருந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தோல்பையிலிருந்து ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்த பியூன், அவன் பக்கத்தில் வந்து காதோடு கேட்டார்:

“அண்ணாச்சி, போர்த் தண்ணியில விரல் கனத்துக்கு உப்பு படியுது, மில்லுக்கு மலைத் தண்ணி குடுங்கன்னு உங்க முதலாளி மனுப் போட்டிருக்காகளே, நாங்க அளந்து எழுதிக்கிட்டுப் போகவேண்டிய அந்தக் கறை எங்க இருக்கு?”